கன்னியம்மாவின் உசர வண்டி

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவனை முகத்துக்கு நேராகத் திட்ட வேண்டுமானால், அவன் உயரத்துக்கு நாமும் உட்கார வேண்டும். கன்னியம்மா அந்தப் பெரிய வண்டியை வாங்கியதற்குச் சொன்ன காரணம் இதுதான்.

"ஆட்டோல குந்திகினு போனா அவன் டயருதான் அண்ணாச்சி கண்ணுக்குத் தெரியுது. டயராண்ட இன்னான்னு பேசறது?" என்றாள்.

அண்ணாச்சி என்றது என்னைத்தான். என் பெயர் தேவப்பிரியம். மெஞ்ஞானபுரத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்தவர் என் அப்பா. மூட்டை மூட்டையாகப் பருப்பு இருக்கும்போது கையில் கிரீஸ் பூசிக்கொள்கிறானே என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் பேச்சைக் கேட்காமல் திருவொற்றியூரில் பட்டறை போட்டேன். இருபத்தாறு வருடம் ஆகிறது. பழைய வெளிநாட்டு ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள்தான் என் தொழில். கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன். எல்லாக் கம்பெனியும் எனக்குச் சோறு போடுகிறது.

தொழிலில் என்னை ஒருத்தர் குறை சொல்ல முடியாது. கோபம் மட்டும் மூக்கு நுனியிலேயே இருக்கும். ஆனையை வாங்கினவன் அங்குசத்துக்கு அழக் கூடாது என்பது என் கட்சி. பத்து வயதுச் சொகுசு வண்டியைப் பாதிக்கும் கீழே விலை பேசி வாங்கிவிட்டு, அதற்குப் பராமரிப்பு என்று ஒன்று உண்டு என்பதையே கேட்டறியாத முகத்தோடு என் வாசலில் வந்து நிற்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கத்திவிடுவேன். கத்துவதைக் கேட்டுக்கொண்டே காபி குடிக்கப் பழகினவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள்.

கன்னியம்மா வண்டி வாங்கிய எட்டாம் நாளே, ஒன்றும் கெட்டுப்போகாமலே, தானாக வந்தாள். அதிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டரில் பாதி வந்ததும் எண்ணெயை மாற்று. டயர் மாற்றினால் நாலையும் ஒன்றாக மாற்று. ஒன்று மட்டும் புதுசு என்றால் கியர் பெட்டிக்குக் கிறுக்குப் பிடிக்கும். மாதம் ஒரு தரம் மணலில் இறக்கி, லோ கியர் போட்டு நூறு அடி ஓட்டு. உபயோகிக்காத கியர் பேச்சு விட்டுப்போன சொந்தக்காரன் மாதிரி, அவசரத்துக்கு வராது. எல்லாவற்றுக்கும் மேலே, கழுவு. மீன் துறைமுகத்துக்குப் போகிற வண்டி. உப்பு சும்மா விடாது. தினமும் அடிப்பாகத்தைக் கழுவு.

அவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, நான் சொன்ன வரிசையிலேயே ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னாள். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். எந்தக் கூடை எந்தப் படகுடையது, யார் எவ்வளவுக்குக் கேட்டார் என்பதெல்லாம் மண்டையிலேயே நிற்கும்.

காத்திவாக்கத்தில் பிறந்தவள். அப்பாவுக்குக் கட்டுமரம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்து, கழிமுகத்தில் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் கையால் தடவித் தடவி இறால் பிடித்தாள். பதினேழு வயதில் அந்த இறாலைக் காசிமேட்டுக்குக் கொண்டுபோனவள், அங்கே ஏலக்காரர் ஒருவர் தொண்டை கட்டி நின்ற காலையில், அவருக்குப் பதிலாக விலையைக் கூவினாள். அந்தக் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. மறுநாளும் கூவச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவளை யாரும் கூடை தூக்கச் சொல்லவில்லை.

ஆனால் இருபத்தேழு வருடம் அவள் துறைமுகத்துக்குப் போனதும் வந்ததும் அண்ணன் எத்திராஜின் மீன் வேனில். அண்ணன் எப்போது எழுந்திருக்கிறானோ அப்போது போக வேண்டும். வேலை முடிந்து அவன் இரண்டு டீ குடித்து, தோஸ்துகளோடு ஊர் வம்பு பேசித் தீர்த்த பிறகுதான் திரும்பி வர வேண்டும். அவள் வீட்டில் உலை எப்போது வைப்பது என்பதைக்கூட எத்திராஜின் டீ தீர்மானித்தது. ஒரு நாள் அவனோடு சண்டை போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். டோல்கேட் பக்கம் இரண்டு டிரெய்லருக்கு நடுவில் ஆட்டோ மாட்டிக்கொண்டு, கால் மணி நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த மாதம் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்து நாலு வயது. அவள் வீட்டுக்காரர் பாஸ்கர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், சாதுவான மனிதர். "இன்னும் இன்னா ஒசரத்துல குந்தணும் உனுக்கு, என் கிரேன்ல வந்து குந்து" என்று சிரித்தாராம்.

ஆக, அந்த வண்டி அவளுக்கு வெறும் வண்டி இல்லை. அவள் நேரம் அவள் கையில் இருப்பதற்குப் பெயர்தான் அந்த வண்டி. இதை நான் அப்போதே புரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் புரிந்துகொள்ளவில்லை.

வாங்கிய ஐந்தாம் மாதம் நல்ல மழையில் வண்டி காசிமேட்டிலேயே செத்தது. ரெக்கவரி லாரி மேலே ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சீட்டுக்கு அடியில் கம்பளத்தைத் தூக்கினால் குளம். இந்த மாதிரி வண்டிகளுக்குக் கூரையில் கண்ணாடி உண்டு. அதன் மூலைகளில், மழைத் தண்ணீர் இறங்கிப் போக, சுண்டு விரல் அளவுகூட இல்லாத குழாய்கள். எண்ணூர்க் காற்றில் வருகிற அனல்மின் நிலையச் சாம்பலும் கரித்தூளும் போய் அந்தக் குழாய்களைச் சிமெண்ட் பூசின மாதிரி அடைத்திருந்தன. தண்ணீர் உள்ளே இறங்கி, கம்பளத்துக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியை நனைத்துவிட்டது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் தோல் சீட்டைத் தடவிப் பார்க்கிறார்கள், பாட்டுப் பெட்டியைத் திருகிப் பார்க்கிறார்கள். அந்தக் குழாயில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறவன் ஒருத்தன் இல்லை.

பதினோராம் மாதம் இன்னொரு தரம் லாரி மேலே வந்தது. அந்த வண்டி நிற்பது ஸ்பிரிங் மேலே அல்ல, காற்றுப் பைகள் மேலே. ஒரு பையில் ஓட்டை விழுந்தால், ராத்திரி நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் ஒட்டகம் மாதிரி ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்த அன்றைக்கே கொண்டுவந்தால் ஒரு பையோடு போகும். விட்டால், காற்றடிக்கிற பம்பு ஓயாமல் ஓடி, அதுவும் எரிந்துபோகும். இவள் இரண்டு வாரம் விட்டிருந்தாள். எனக்கு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. வண்டியை லிப்டில் தூக்கி அடியில் பார்த்தால், இண்டு இடுக்கெல்லாம் துரு. பதினோரு மாதத்தில் வருகிற துரு இல்லை அது.

"தினமும் கழுவச் சொன்னேம்லா?"

"தெனம் ரெண்டு தபா கழுவறேன் அண்ணாச்சி. இதுக்குன்னே பிரஷர் மோட்டாரு வாங்கி வெச்சிகீறேன்."

"பொய் சொல்லாத கன்னியம்மா. கழுவுற வண்டி லட்சணமா இது? கழுவ உடம்பு வணங்கலன்னா வணங்கலன்னு சொல்லு. எங்கிட்ட வந்து பொய் சொல்லாத."

பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தண்டையார்பேட்டைப் பல் டாக்டர் ஷிஜி, கப்பல் ஏஜெண்ட் பாலகணேஷ், இன்னும் இரண்டு பேர். துறைமுகம் முழுக்கக் கேட்கிற குரல் உடையவள், அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. எனக்கு அது குற்றத்தை ஒப்புக்கொண்டது மாதிரிப் பட்டது. ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தேன்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் எத்திராஜ் வைத்து வாங்கியிருக்கிறான். "ராணியம்மா பல்லாக்குல வர்றாங்கோ, வழி வுடு" என்று தெருவே சிரிக்கிற மாதிரி. மூணாவது தடவையும் லாரி மேலே வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறான். அவளுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"எல்லையம்மன் மேல ஆணையா வண்டிய வித்துட்டு உன் வேன்லயே குந்திகினு வரேன். சாவற வரிக்கும். போதுமா?"

மீனவக் குப்பத்தில் அம்மன் பேரைச் சொல்லிவிட்டால் பிறகு பேச்சே கிடையாது. இதை அவளேதான் எனக்குப் போனில் சொன்னாள். "பாத்துக்கோ அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். பட்டறை வாசலில் நான் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதன் பிறகு ஏழு மாதம் அந்த வண்டி இருமக்கூட இல்லை.

போன மாசியில் ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும், போன் வந்தது. காட்டுப்பள்ளியில் ஒரு கேன்டீனுக்கு மீன் போடுவது பற்றிப் பேசப் போயிருந்தாள். பேசி முடித்து வந்து சாவியைத் திருகினால் வண்டி கிளம்பவில்லை.

"வெளக்கெல்லாம் கண்ணடிக்குது அண்ணாச்சி. இஞ்சின் சுத்தல. டிக் டிக்குன்னு சத்தம் மட்டும் வர்து. பேஜாரு இன்னான்னா, எங்கூட்டுக்காரர் வெவரம் தெரியாம எங்கண்ணன் கையில சொல்லிட்டாரு. அவன் லாரி இட்டுகினு வந்துகினு கீறான். நீ மொதல்ல வந்துடு."

ஜம்பர் கேபிளையும் நாலு கருவியையும் பையில் போட்டு, ஸ்கூட்டரை எடுத்தேன். எண்ணூர் தாண்டி, வல்லூர் சுற்றி, சாம்பல் லாரிகளுக்கு நடுவே நான் ஓட்டின ஓட்டத்துக்கு எந்தப் போலீஸ்காரனும் என்னைப் பிடிக்காதது ஆண்டவர் கிருபை.

அடியில் படுத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இஞ்சினையும் வண்டியின் இரும்புச் சட்டத்தையும் சேர்த்து மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிற எர்த் பட்டை, கட்டை விரல் தடிமனுக்குச் செம்புப் பின்னல். கை வைத்தேன், பச்சைப் பொடியாக உதிர்ந்தது. சுற்றிலும் எல்லா இணைப்பிலும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம். படுத்த வாக்கிலேயே ஆரம்பித்தேன். வண்டி வைத்துக்கொள்ள யோக்கியதை வேண்டும் என்றேன். கழுவுகிறேன் கழுவுகிறேன் என்று இன்னும் எத்தனை நாள் ஏமாற்றுவாய் என்றேன். உன் அண்ணன் சொல்வதுதான் சரி என்று வேறு சொன்னேன். இதையெல்லாம் இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

அவள் சக்கரத்தின் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் ஓய்ந்ததும், "வண்டி கெளம்புமா?" என்று மட்டும் கேட்டாள்.

கேபிளின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், இன்னொரு முனையை இஞ்சினைச் சுரண்டிவிட்டு அதன் மேலேயும் கவ்வவிட்டு, கம்பி போட்டு இறுக்கிக் கட்டினேன். சாவியைத் திருகச் சொன்னேன். ஒரே சுற்றில் பிடித்தது. எட்டு சிலிண்டர் உறுமல் தணிந்து சீராவதற்குள், வளைவில் ரெக்கவரி லாரி வந்துவிட்டது. எத்திராஜ் முன் சீட்டில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

கன்னியம்மா கண்ணாடியை இறக்கினாள். லாரியில் இருந்த அண்ணன் முகம் அவளுக்கு நேர் எதிரே இருந்தது.

"ஓரமா நிறுத்துண்ணே. வண்டி வர்து."

வீடு போய்ச் சேரும்வரை இஞ்சினை அணைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். கேபிள் நழுவிவிடுமோ என்ற பயத்தில், ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். எனக்குப் பின்னால் காலி லாரி. காத்திவாக்கம் தெருவுக்குள் இந்த ஊர்வலம் நுழைந்தபோது, வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். கன்னியம்மா வண்டியை வாசலில் நிறுத்தி, தன் காலால் இறங்கினாள். எத்திராஜும் லாரியிலிருந்து இறங்கி, லாரிக்காரனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றான். ஆணையிலிருந்து தப்பித்தாள். தெருவில் நாலு பேர் விசிலடித்தார்கள்.

அவள் சிரிக்கவே இல்லை. என்னைத் திரும்பியும் பார்க்காமல் வீட்டுப் பக்கவாட்டுக்குப் போய், பிரஷர் மோட்டாரைப் போட்டு, பைப்பை இழுத்துக்கொண்டு வந்தாள். குனிந்து, ஏறக்குறைய தரையில் படுத்து, வண்டியின் அடிவயிற்றைக் கழுவ ஆரம்பித்தாள். ஒவ்வொரு இடுக்காக, ஒவ்வொரு இணைப்பாக, ஒரு தாய் பிள்ளையின் காது மடலைத் தேய்க்கிற மாதிரி. எனக்குக் காட்டத்தான் செய்கிறாள் என்பது நன்றாகத் தெரிந்தது. என்றைக்கும் இப்படித்தான் கழுவுகிறாள் என்பதும் அந்தக் கைப் பழக்கத்திலேயே தெரிந்தது. பட்டுத் தெறித்த தண்ணீர் என் முகமெல்லாம் அடித்தது. உதட்டைத் துடைத்தேன்.

கரித்தது.

"இது எந்தத் தண்ணி?" என்றேன்.

"போர் தண்ணி. வேற இன்னா தண்ணி? குடிக்கிற தண்ணிய எவளாச்சும் வண்டிக்கு ஊத்துவாளா?"

காத்திவாக்கத்தில் மட்டுமா, இந்தக் கரையோரம் எந்த வீட்டு போரிலும் பாதிக் கடல்தான். இது எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருடமாக நானே போர் தண்ணீரில் குளித்து, கடைசிச் சொம்புக்கு மட்டும் குழாயில் வருகிற மெட்ரோ தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறவன். ஊற்றாவிட்டால் முடி கயிறாகப் போய்விடும். என் மயிருக்குக் கொடுத்த மரியாதையை அவள் வண்டிக்குக் கொடுக்கத் தோன்றவில்லை எனக்கு. பட்டறைக்கு லாரியில் நல்ல தண்ணீர் வருகிறது; கழுவு என்றால் அதில் கழுவுவார்கள் என்ற நினைப்பில் சொன்னேன். அவள் அப்படியே கேட்டாள். ஒன்றரை வருடம், தினம் இரண்டு வேளை, மோட்டார் வைத்து உப்பை அந்த வண்டியின் மூட்டு மூட்டாக ஏற்றியிருக்கிறாள். சோம்பேறியாக இருந்திருந்தால் வண்டி இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

நான் சொல்லாவிட்டால் இது யாருக்கும் தெரியாது. இனிமேல் என் பட்டறையிலேயே கழுவிக்கொள் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அந்த எண்ணம் வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் இன்னும் தரையில் படுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கையெல்லாம் சேறு.

"மோட்டாரை நிறுத்தும்மா" என்றேன். "தப்பு என்னோடது. உப்புத் தண்ணியில கழுவக் கூடாதுன்னு நான் சொல்லல. நீ கழுவினதாலதான் துரு. கழுவாததால இல்ல."

எத்திராஜ்தான் முதலில் சிரித்தான். "இன்னா அண்ணாச்சி, அப்போ மூணு தபாவும் உன் வேலைதானா?"

"மூணு இல்ல. ரெண்டு. மொத தடவ சாம்பல் அடைச்சது. பையும் பட்டையும்தான் உப்பு."

கன்னியம்மா எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். கையில் பைப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ நான் பொய் சொல்லல."

"இல்லம்மா."

"எங்கப்பன் என்னிய அடிச்சிகீறான். எங்கண்ணன் தெருவுல நிக்க வெச்சி சிரிச்சிகீறான். ஆனா பொய்க்காரின்னு எவனும் சொன்னதில்ல அண்ணாச்சி. ஏலத்துல நிக்கறவளுக்கு வாக்குதான் சோறு. நீ அத்தினி பேர் குந்திகினு இருக்கச்சொல்லோ சொன்ன. டாக்டரம்மா இருந்தாங்கோ. கப்பல்காரரு இருந்தாரு. அத்தினி நாளு எனுக்கு தூக்கம் இல்ல, தெரியுமா உனுக்கு?"

எனக்குத் தெரியாது. மன்னிச்சிக்கோ என்றேன்.

"இங்க சொல்லி இன்னா பிரயோஜனம்? எங்க சொன்னியோ அங்க சொல்லு."

மறுநாளிலிருந்து வண்டி ஒரு வாரம் என் லிப்டில் இருந்தது. எல்லா எர்த் பட்டைகளையும் மாற்றி, எல்லா இணைப்பையும் பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, காய வைத்து, மெழுகு எண்ணெய் அடித்தேன். இப்போதெல்லாம் வாரம் இரண்டு முறை என் பட்டறையில், என் லாரித் தண்ணீரில்தான் அதற்குக் குளியல். மற்ற நாட்களில் ஒரே ஒரு வாளி மெட்ரோ தண்ணீரும் துணியும் போதும் என்றேன். அந்த வாளியைத் தூக்கும்போது கை நடுங்குகிறது என்று இன்னமும் சொல்கிறாள்.

வேலை முடிந்த சனிக்கிழமை, அந்த நாலு பேரையும் நான் போன் பண்ணி வரச் சொன்னேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள், வாருங்கள் என்றேன். டாக்டர் ஷிஜி கிளினிக்கை மூடிவிட்டு வந்தார். வேறு வேலையாக வந்திருந்த மூன்று வண்டிக்காரர்களும் நின்றுகொண்டார்கள். கன்னியம்மா எலுமிச்சை நிறச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்து பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள். அந்தப் பெஞ்சுக்கு முன்னால் நின்று இருபத்தாறு வருடம் நான் கத்தியிருக்கிறேன். அன்றைக்குக் குரலே எழும்பவில்லை.

"இவங்க தினமும் கழுவுறேன்னு சொன்னது நெசம். பொய் சொல்றேன்னு நான் சொன்னேன். தப்பு என் மேல. எந்தத் தண்ணின்னு நான் கேக்கல."

பாலகணேஷ் காபி டம்ளரைக் கீழே வைத்தார். கன்னியம்மா கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு ஏலம் விடுகிற அந்தக் குரலில், பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல அண்ணாச்சி. இன்னொரு தபா சொல்லு."

இன்னொரு தடவை, சத்தமாகவே சொன்னேன்.